வலிக்காத கட்டியும் வலிக்கிற மார்பும்

எகிப்தின் லக்ஸர் நகரில் 1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் படியெடுக்கப்பட்ட சுருள் அது. மூலம் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது என்பது அறிஞர்களின் கணிப்பு. 1930இல் முழு மொழிபெயர்ப்போடு அச்சேறியபோதுதான் அதன் அருமை உலகுக்குத் தெரிந்தது. அடிபட்டவர்களுக்கும் புண்பட்டவர்களுக்கும் வைத்தியம் சொல்லும் கையேடு. மொத்தம் 48 நோயாளிகள். தலையில் தொடங்கிக் கீழே இறங்கும் வரிசை. மார்புக் கோளாறுகள் வரும் இடத்தில் வைத்தியரின் முதல் வேலை கையை வைத்துச் சூடு பார்ப்பது. புண் பழுத்துக் கையைச் சுட்டால் குளிர்ச்சியான மருந்தைப் பற்றுப் போடச் சொல்கிறது நூல். 45ஆவது நோயாளியின் மார்பில் கட்டிகள் புடைத்துப் பரவியிருக்கின்றன. தொட்டால் குளிர்ச்சி. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, நீரும் கசியவில்லை. இவருக்கு வைத்தியம் இல்லை என்று சொல்லி நூல் மேலே போய்விடுகிறது. இது புற்றுநோய்தான் என்று அடித்துப் பேச முடியாது. நோயாளி பெண்தானா என்பதிலும் ஐயம் உண்டு. ஆனால் எழுதியவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: சுடுகிற, உறுத்துகிற, சீழ் கோக்கிற மார்பை ஆற்ற வழியுண்டு, சத்தமில்லாமல் குளிர்ந்து கிடக்கும் கட்டிதான் பயப்பட வேண்டியது.

நம் வீடுகளில் கணக்கு இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. கட்டி தட்டுப்படும், "வலிக்கவே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆறு மாதம் போகும். இன்னொரு வீட்டில் மாதாமாதம் மார் கனத்து வலிக்கிற பெண், புற்றுநோயாக இருக்குமோ என்று யாரிடமும் சொல்லாமல் தூக்கத்தைத் தொலைத்திருப்பாள். முதலாமவள் போக வேண்டிய நேரத்தில் போகவில்லை. இரண்டாமவள் போயிருந்தால் பத்து நிமிடத்தில் நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். இருவரையும் தடுத்தது ஒரே வழக்கம்: தாங்க முடியாத வலி வந்தால்தான் வைத்தியர். இதற்குக் காரணம் கேட்டால் அறியாமை என்பார்கள், கூச்சம் என்பார்கள். இரண்டும் உண்டுதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்குமேல், ராணி முதல் எழுத்தாளர் வரை, அறிவிலும் வசதியிலும் குறைவில்லாத பெண்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள் என்பதை இந்த இரண்டு காரணங்களும் விளக்குவதில்லை. வைத்தியம் நோயைவிடக் கொடுமையாக இருந்த காலத்தில் இது நியாயமான கணக்கு என்பதே என் வாதம். அந்தக் காலம் போய்விட்டது; கணக்கு மட்டும் போகவில்லை.

ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றில் பாரசீக அரசன் தாரியஸின் மனைவி அதோசா வருகிறாள். மார்பில் ஒரு கட்டி. சிறிதாக இருந்தவரை வெட்கப்பட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. உடைந்து பரவத் தொடங்கிய பிறகே, கைதியாகப் பிடித்து வரப்பட்டிருந்த கிரேக்க வைத்தியர் டெமோசிடிஸைக் கூப்பிட்டாள். அவர் குணப்படுத்தினார் என்றும், கைம்மாறாகத் தன் ஊர்ப்பக்கம் போக வழி கேட்டார் என்றும், அந்த ஏற்பாட்டில் கிளம்பிய குழுவே பாரசீகர் கிரேக்கத்தை வேவு பார்த்த முதல் பயணம் என்றும் கதை நீள்கிறது. குணமானது என்றால் அது சீழ்க்கட்டியாகவே இருந்திருக்கும், அது கிடக்கட்டும். வெட்கம் என்ற சொல்லை ஹெரோடோட்டஸ் போட்டுவிட்டதால், அதோசாவுக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம் என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த தலைமுறைகளில் ஹிப்போகிரட்டிஸின் பேரால் வழங்கிய சூத்திரங்களில் ஒன்று, வெளியே தெரியாத புற்றுக்கு வைத்தியம் செய்யாமல் இருப்பதே மேல், செய்தால் சீக்கிரம் சாவார்கள், விட்டால் கொஞ்ச காலம் இருப்பார்கள் என்கிறது. வைத்தியரே இப்படிச் சொல்லும் உலகில், கட்டியைக் காட்டாமல் இருக்கிற பெண்ணை அறியாதவள் என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்து சுசுருதரும் அர்புதம் என்ற கட்டிக்கு இலக்கணம் சொல்லும்போது, உருண்டு, அசையாமல், வேரோடி, மெல்ல வளர்ந்து, பழுக்காமல் இருப்பது என்பதோடு வலி சொற்பம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இந்த நோய்க்குப் பெயர் வைக்கும்போது கிரேக்கர் நண்டைக் கண்டார்கள். தமிழ் புற்றைக் கண்டது. நண்டு கவ்வும். புற்று தன் பாட்டுக்கு வளரும். எது பொருத்தமான உவமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு நியாயமானது என்பதை உள்ளிருந்து சொல்லும் சாட்சி ஒன்று 1811ஆம் ஆண்டின் பாரீஸிலிருந்து கிடைக்கிறது. ஃபேனி பர்னி ஆங்கில நாவலாசிரியர். பிரெஞ்சுத் தளபதி ஒருவரை மணந்து, போரால் பிரான்சிலேயே தங்க நேர்ந்தவர். 1810 ஆகஸ்ட் வாக்கில் மார்பில் சின்னதாக ஒரு வலி. வாராவாரம் கூடியது, ஆனால் குத்தும் வலியாக இல்லாமல் கனக்கும் வலியாக இருந்ததால் பெரிதுபடுத்தவில்லை என்று பின்னால் அக்காவுக்கு எழுதினார். நம் பெண்கள் 'மாரு கனக்குது' என்பார்களே, அதே கனம். கணவரும் தோழிகளும் நச்சரித்த பிறகுதான் வைத்தியரைப் பார்த்தார். கடைசியில் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, மார்பை எடுத்தாக வேண்டும் என்றார். நாளைச் சொல்லவில்லை, சொன்னால் பயம்தான் வளரும். செப்டம்பர் 30ஆம் தேதி இரண்டு மணி நேர அவகாசத்தில் ஆள் அனுப்பினார்கள். கூடத்தின் நடுவில் ஒரு கட்டில், பழைய மெத்தைகள் இரண்டு, பழைய போர்வை. கறுப்புச் சட்டைக்காரர்கள் ஏழு பேர் உள்ளே வந்தார்கள். வலி தெரியாமல் இருக்க ஒரு மடக்கு ஒயின் கலந்த மருந்து. அவ்வளவுதான் அன்று இருந்தது. முகத்தில் மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது மறைக்கவில்லை: துணி வழியாகக் கத்தியின் பளபளப்பு தெரிந்தது. இருபது நிமிடம் நடந்தது. கத்தி எலும்பில் உரசிச் சுரண்டியதைக்கூட உணர்ந்ததாக எழுதுகிறார். அந்தக் கடிதத்தை முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவு வரவில்லை.

கணவர் சொல்லியும் வைத்தியரைத் தள்ளிப்போட்டவரை, இதைப் படித்த பிறகு யார் குறை சொல்வார்கள்? வைத்தியரிடம் போவதென்றால் இந்தக் கட்டிலுக்குப் போவது. மார்பில் இருந்த கனம் இந்த இருபது நிமிடத்தைவிடக் கொடிதாகும்வரை காத்திருப்பதே புத்தியுள்ள எவரும் செய்யக்கூடியது. இன்னொரு முரணும் இதில் இருக்கிறது. பர்னி அதற்குப் பிறகு 28 ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 1840இல் 87ஆம் வயதில் இறந்தார். அந்தக் காலத்து அறுவையில் புற்றுநோய் இவ்வளவு தூரம் திரும்பாமல் இருப்பது அபூர்வம். வலிதான் முதல் அறிகுறி என்பதும் பொருந்தவில்லை. எனவே அவருக்கு வந்தது புற்றே இல்லை, வேறு ஏதோ அழற்சி என்று நினைக்கும் மருத்துவர்கள் இன்று உண்டு. புற்றுதான், முன்பே எடுத்ததால் பிழைத்தார் என்பவர்களும் உண்டு. இருநூறு ஆண்டு கழித்து இதைத் தீர்க்க வழியில்லை. ஆனால் கத்தி எடுக்கும் முன் அது என்ன கட்டி என்று தெரிந்துகொள்ள அன்றைய வைத்தியருக்கும் வழியிருக்கவில்லை. இன்று ஒரு ஊசி போதும். அன்று கூடத்தில் நின்ற ஏழு பேரிடமும் அது இல்லை.

கொடுமை குறையத் தொடங்கிய இடம் பாரீஸிலிருந்து வெகுதூரத்தில், அதுவும் பர்னிக்கு ஏழு ஆண்டு முன்பே. ஜப்பானின் கீ மாகாணத்தில் ஹனாவோகா செய்ஷு என்ற வைத்தியர், ஊமத்தையையும் வேறு சில மூலிகைகளையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தைக் கொடுத்து, 1804 அக்டோபர் 13 அன்று 60 வயதுப் பெண் ஒருவரை முழுதாக மயக்கத்தில் ஆழ்த்தி மார்புக் கட்டியை எடுத்தார். நோய் முற்றியிருந்ததால் அந்தப் பெண் சில மாதங்களில் இறந்தார். ஆனால் செய்தி ஊரெங்கும் பரவி, அதன்பின் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மார்புக் கட்டியோடு அவரைத் தேடி வந்தார்கள். வைத்தியத்தின் வலி போனதும் கூட்டம் தானே வந்தது என்பதை இந்த வாதத்துக்கு முதல் ஆதாரமாக வைக்கிறேன். கூச்சம் மட்டுமே காரணம் என்றால், அந்நிய ஆணான வைத்தியர் முன் மயங்கிக் கிடப்பதற்கு அத்தனை பெண்கள் ஏன் வர வேண்டும்? ஜப்பான் அன்று கதவடைத்திருந்ததால் மேற்கு இதை அறியவில்லை. ஈதர் மயக்கம் பாஸ்டனில் அரங்கேற 1846 வரையும், லிஸ்டரின் கிருமிநாசினி முறை வர 1867 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு வந்தார் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட். மார்போடு அடியிலுள்ள தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து வாரி எடுக்கும் அவர் அறுவை 1880களில் தொடங்கிச் சுமார் தொண்ணூறு ஆண்டு உலகை ஆண்டது. உயிர் பிழைத்தவர்கள் பலருக்குக் கை வீங்கித் தோள் தூக்க முடியாமல் போனது. வலி போன இடத்தில் உருக்குலைவு வந்து உட்கார்ந்தது. இதையும் உடைத்தது பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபிஷர் 1970களில் தொடங்கிய ஆய்வுகள். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால், முழு மார்பை எடுத்தவர்கள் அளவுக்கே வாழ்கிறார்கள் என்று 1985இல் வந்த முடிவு காட்டியது. இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002இல் வந்த முடிவும் அதையே சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை: கட்டி சிறிதாக இருக்க வேண்டும். 'மாரை எடுத்துடுவாங்க' என்று பயந்து ஒளித்து வைப்பவள், எடுக்க வேண்டாத கட்டியை எடுத்தே தீர வேண்டிய கட்டியாக வளர்த்துவிடுகிறாள்.

கூச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளுவதாக ஒருவர் சொல்லலாம். சென்னையின் வரலாறே அவருக்குச் சாட்சி சொல்லும். 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவர் முன் வர மறுக்கும் பெண்களுக்கென்றே 1885இல் தனி மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியின் அந்த மருத்துவமனைக்கு இன்று கஸ்தூர்பா காந்தி பெயர். ஊர் வாயில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். பெண் மருத்துவர் கிடைத்ததும் பெண்கள் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிரசவத்துக்கு வந்தவர்கள் மார்புக் கட்டிக்கு ஏன் முற்றும்வரை வரவில்லை என்பதற்குக் கூச்சம் பதிலாகாது. இரண்டிலும் உடம்பைக் காட்டித்தான் ஆக வேண்டும். பிரசவத்துக்குப் போனால் பிள்ளையோடு திரும்பலாம் என்ற நம்பிக்கை இருந்தது, புற்றுக்கு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். லண்டன் புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அவர் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கட்டக் கால் நூற்றாண்டுக்குமேல் போராட வேண்டியிருந்தது. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கெதற்கு ஆஸ்பத்திரி என்று அன்றைய அரசுத் தரப்பில் கேட்டார்களாம். அந்த மருத்துவமனையில் பின்னாளில் பணியாற்றிய டாக்டர் சாந்தா பல இடங்களில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஹிப்போகிரட்டிஸ் சூத்திரம் கோட்டை வளாகத்தில் தமிழில் எழுந்து நின்ற மாதிரி. 1952இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது. அரசாங்கமே போட்டு வைத்திருந்த கணக்கை வீட்டுப் பெண் போட்டாள் என்பதற்காக அவளை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

வலியின் தனிக் கதை வேறு. அது வேறு விதமாக அவமானப்பட்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆஸ்ட்லி கூப்பர் 1829இல் மார்பு நோய்கள் பற்றி வெளியிட்ட நூலில், மாதவிலக்குக்கு முன் கூடி, அது வந்தபின் தணியும் வலியையும், புற்று என்று பயந்து ஓடி வரும் பெண்களையும் தெளிவாக விவரித்தார். கவனித்த விதத்தில் அவர் துல்லியமானவர். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் வலியை விட்டுவிட்டுப் பயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டி தட்டுப்படவில்லை, வலி மட்டும் இருக்கிறது என்றால் அது நரம்புத் தளர்ச்சி, மனக்கோளாறு. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு இப்படியே போனது. வேல்ஸின் கார்டிஃப் நகர மருத்துவமனையில் 1970களில் ஒரு குழு இதை முறையாக ஆராயத் துணிந்தது. மார்வலியோடு வந்த பெண்களை வெரிகோஸ் நரம்புக்கு வந்த பெண்களோடும் மனநல சிகிச்சைக்கு வந்தவர்களோடும் ஒப்பிட்டு 1978இல் முடிவை வெளியிட்டார்கள்: மார்வலிக்காரர்கள் வெரிகோஸ்காரர்களைப் போலத்தான் இருந்தார்கள், மனநோயாளிகளைப் போல இல்லை. வலி உடம்பில்தான் இருந்தது என்று நிரூபிக்க இத்தனை காலம் ஆனதைப் பார்த்தால் சிரிக்கவும் முடியவில்லை.

அந்தக் குழு பிரித்துக் கொடுத்த வகைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. பெரும்பாலான வலி மாதச் சுழற்சியோடு வருவது. கருமுட்டை வெளியேறிய பிறகான இரண்டு வாரங்களில் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் பால்சுரப்பிகள் வீங்கி நீர் கோத்து, மார்பின் மேற்புற வெளிப்பகுதியில், பெரும்பாலும் இரண்டு பக்கமும், அக்குள்வரை கனக்கும். உதிரம் கண்டதும் தணியும். முப்பது, நாற்பது வயதுகளில் அதிகம். மாதவிலக்கு நின்றால் போய்விடும். இரண்டாவது வகை சுழற்சியோடு சம்பந்தமில்லாமல், ஒரு பக்கம் ஒரே இடத்தில் வருவது. நீர்க்கட்டி, பால்நாள வீக்கம், சில மாத்திரைகள் என்று காரணம் இருக்கலாம். மூன்றாவது மார்பிலேயே இல்லை. அடியிலுள்ள விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடத்தில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் 'அதே இடம்' என்று துள்ளுவார்கள். டீட்ஸ என்ற ஜெர்மானியர் 1921இலேயே இதில் ஒரு வகையை விவரித்திருந்தார். மருந்துகளின் கதையும் சுவையானது. மாலையில் பூக்கும் ஒரு செடியின் விதை எண்ணெய் பிரிட்டனில் பல ஆண்டு மார்வலிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு, பலன் நிரூபணமாகவில்லை என்று 2002இல் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. நம் மருந்துக் கடைகளில் அந்த எண்ணெய்க் குளிகைகள் இன்னும் விற்கின்றன. உண்மையில் பெரும்பாலோருக்குப் பலன் தருவது சரியான அளவில் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, தேவைப்பட்டால் வலி நிவாரணி ஜெல், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கை வைத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் 'ஒன்றுமில்லை'.

பாலூட்டும் காலத்து வலிக்கு நம்மிடம் பழைய அறிவு உண்டு, அதை முற்றாக ஏளனம் செய்ய நான் தயாரில்லை. குழந்தை தவறிப் பால் கட்டித் தவிக்கும் தாய்க்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் தென்னாட்டில் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் இதை, பால் வற்றக் கொடுக்கப்படும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ரத்தத்தில் பால்சுரப்பு ஹார்மோனை மாத்திரையே அதிகம் குறைத்தது. ஆனால் மார் வீக்கம், பால் அளவு, வலிமாத்திரைத் தேவை ஆகியவற்றில் மல்லிகை மாத்திரைக்கு இளைத்ததாக இல்லை. பாட்டிகள் சொன்னது எல்லாம் சரியென்று இதற்குப் பொருளில்லை. பாலூட்டும் தாய்க்கு மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடேறிக் காய்ச்சல் அடித்தால் அது பூ கட்டிப் பார்க்கிற விஷயமில்லை. அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போக வேண்டும், பாலூட்டுவதை நிறுத்தவும் கூடாது. அந்த எகிப்திய வைத்தியர் கை வைத்துச் சூடு பார்த்தது இதற்குத்தான்.

இப்படியெல்லாம் எழுதினால் ஓர் எதிர்ப்பு வரும்: வலி புற்றின் அடையாளமில்லை என்று சொல்லிவிட்டால், வலிக்கிறவளும் வீட்டிலேயே இருந்துவிட மாட்டாளா? எண்களை அப்படியே வைத்துப் பார்ப்பது நல்லது. கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் வலிக்காக மட்டும் மருத்துவரிடம் வருபவர்களில் புற்று இருப்பது, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், பொதுவாக நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. பல ஆய்வுகளில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் அதே கார்டிஃப் குழு 1982இல் மறுபக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்தது. அறுவைக்கு வந்த புற்றுநோயாளிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வாக்கில் வலியைச் சொல்லி வந்தவர்கள். ஆகவே வலி குற்றவாளியும் இல்லை, முழு நிரபராதியும் இல்லை. எவ்வளவு வலிக்கிறது என்பது கேள்வியே இல்லை. எப்படி வலிக்கிறது என்பதே கேள்வி. மாதம் தோறும் வந்து போனால் கவலை குறைவு. ஒரே பக்கம், ஒரே இடம், மாதவிலக்கு வந்தும் தணியாமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கிறதா, மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாகத் தொடங்கியதா, உடனே காட்ட வேண்டும். வலியே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டியவை நீளமான பட்டியல் ஒன்றுமில்லை: புதிய கட்டி, அக்குளில் நெறி கட்டுவது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் குழிவது, நன்றாக இருந்த காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கலந்த கசிவு. ஒரு பக்கக் காம்பில் மட்டும் படை போல் அரித்து ஆறாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1874இல் ஜேம்ஸ் பாஜெட் அப்படிப்பட்ட 15 பெண்களைக் கவனித்து, அரிப்புக்குப் பின்னால் புற்று வருவதை எழுதினார். மருந்து சாப்பிட்டும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்காத சிவப்பும் வீக்கமும் வெறும் சீழ்க்கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. அழற்சி வடிவில் வரும் புற்று உண்டு, அதற்கு வலியும் உண்டு.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. கணக்கு, வழக்கம் என்று வாதிப்பதெல்லாம் வசதிக்காரர் பேச்சு; கூலி வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, மறுபடி வா என்றால் இன்னொரு நாள் போச்சு. இதை நான் மறுக்கவில்லை. பழைய கணக்கில் கத்தி இருந்த இடத்தில் இன்று கூலி இருக்கிறது என்றே சொல்வேன். அதனால்தான் போக வேண்டிய தூரத்தைக் குறைப்பது முக்கியம். இதில் இரண்டு பெரிய ஆய்வுகள் வழி காட்டுகின்றன. ஷாங்காயில் ஜவுளி ஆலைகளின் 2,66,064 பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு மார்பைத் தாங்களே தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சாவு குறையவில்லை. தேவையில்லாமல் கட்டி எடுத்தது மட்டும் கூடியது. எனவே மாதாமாதம் பயத்தோடு தேடுவதற்கு ஆதாரமில்லை. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 1998இல் தொடங்கிய ஆய்வில் வேறு வழி: பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி கட்டிகள் முற்றும் முன் பிடிபட்டன; 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. இளைய பெண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே இல்லை, பெரிய ஆஸ்பத்திரி இல்லை, பழகிய ஒரு கை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் அந்தக் கை இருக்கிறது, கேட்டால் பார்ப்பார்.

கேட்பதற்குச் சொல் வேண்டுமே என்பதுதான் எஞ்சிய சிக்கல். தமிழில் மார்வலி என்றால் கேட்பவர் காதில் நெஞ்சுவலி என்றுதான் விழும். சீட்டில் எழுதுபவர் இதயப் பிரிவுக்கு அனுப்பினாலும் குற்றமில்லை. வியர்த்துக் கொட்டி, நடு நெஞ்சை அழுத்தி, தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி என்றால் அங்கே போவதுதான் சரி, அதுவும் அந்த நிமிடமே. மற்றதற்கு, பால் குடிக்கிற மாரில், இந்தப் பக்கம், இந்த இடம், இத்தனை நாளாக என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். கார்டிஃபில் அவர்கள் பெண்களிடம் ஒரு தாள் கொடுத்தார்கள்: நாளுக்கொரு கட்டம், கடும் வலி என்றால் கட்டம் முழுக்கக் கறுப்பு, லேசானால் பாதி, இல்லையென்றால் ஒரு சிறு குறி, விலக்கான நாளுக்கு ஓர் எழுத்து. சில மாதத் தாளைப் பார்த்தால் எந்த வலி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு வேல்ஸிலிருந்து தாள் வர வேண்டியதில்லை. பால் பாக்கெட் கணக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் எழுதுகிற அடுக்களைக் காலண்டரிலேயே பென்சிலால் குறித்து, மருத்துவரிடம் போகிற அன்று அந்த மாதத் தாள்களைக் கிழித்து எடுத்துப் போகலாம். கட்டி தட்டுப்பட்டிருந்தால் மட்டும் காலண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.